9 வருசம் ஒரே கேட்டுல செக்யூரிட்டி, 3 ஏஜென்சி... அப்பாவுக்கு இப்ப என்ன வழி?

பார்வதிபுரம் மகள் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுகேன், பொறுமையா படிச்சுட்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எங்க அப்பா நாகர்கோவில்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில செக்யூரிட்டியா நிக்காவ. பேரு போட வேண்டாம்னு நினைக்கேன். அதுக்கு முன்ன அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஃபேக்டரி) லோடு ஏத்துற வேலை, அது பூட்டுனதுக்கு அப்புறம் 2016 ஜூன்ல இதுல சேந்தாவ. இந்த 9 வருசம் 10 மாசத்துல ஏஜென்சி மட்டும் மூணு மாறியாச்சு. 2019 மார்ச் வரை ஒண்ணு, 2022 மார்ச் வரை ஒண்ணு, இப்ப உள்ளது வாற மார்ச் 31ஓட முடியுது. ஆளு அதே ஆளு, கேட்டு அதே கேட்டு, உக்காருற நாற்காலி கூட அதே நாற்காலிதான், வயரு அறுந்த இடத்துல அம்மா பழைய சேலைக் கரையக் கிழிச்சுப் பின்னிக் குடுத்துருக்காவ. மாறுனது கையில தைக்கிற பேட்ஜ் ஒண்ணுதான். அதுக்கும் ஒவ்வொரு தடவையும் யூனிஃபார்ம்னு சொல்லி முதல் ரெண்டு மாசச் சம்பளத்துல பிடிச்சிருக்காவ.

இப்ப நாலாவதா வாற ஏஜென்சி 50 வயசுக்கு மேல உள்ளவங்கள எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டு. அப்பாவுக்கு 56. இப்ப உள்ள ஏஜென்சி சூப்பர்வைசர் "கான்ட்ராக்ட் முடிஞ்சுட்டு, வேற சைட்டு இல்ல, எல்லாரும் பிஎஃப் கிளோஸ் பண்ணிக்கோங்க, ஃபார்ம் நானே போட்டுத் தாறேன்"னு சொல்லியிருக்காரு. அப்பாவும் சரி வாற காசு வரட்டும்னு இருக்காவ. பென்ஷன், கிராஜுவிட்டி (பணிக்கொடை), நோட்டீஸ் சம்பளம் இதுல ஏதாவது கேக்க முடியுமா? அப்பாகிட்ட அப்பாயின்ட்மென்ட் லெட்டர்னு ஒண்ணும் கிடையாது, ஐடி கார்டும் பேங்க் பாஸ்புக்கும்தான் இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும், இது என் மனசுல கிடந்து அரிக்குது. நான் ஒரு ஸ்கூல்ல அக்கவுண்ட்ஸ் பாக்கேன். போன வருசம் எங்க ஸ்கூலுக்கு செக்யூரிட்டி கொட்டேஷன் வந்தப்போ கம்பாரிசன் ஷீட் போட்டது நான்தான். ரேட்டு கம்மியா உள்ளவனுக்கு போச்சு, பழைய ஆளுங்க மூணு பேருக்கு வேலை போயிட்டு. அதுல ஒரு பெரியவரு தினமும் சாயங்காலம் சின்னப் பிள்ளைங்களோட தண்ணி பாட்டில் விட்டுட்டுப் போனத எல்லாம் எடுத்து வகுப்பு வாரியா கேட் பக்கத்துல அடுக்கி வச்சிருப்பாரு. அன்னைக்கு எனக்கு அது ஒரு எக்செல் வரிதான். இன்னைக்கு அப்பா வீட்டுல வந்து உக்காரப் போறப்போதான் புரியுது.

ஆனா ஸ்கூல் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஏப்ரல் மே லீவுல 2 பேரு போதும், ஆண்டு விழான்னா 10 பேரு வேணும். வருசம் முழுக்க 10 பேருக்கு சம்பளம் குடுக்க எந்த மேனேஜ்மென்டும் ஒத்துக்காது. அப்ப ஆள கூட்டவும் குறைக்கவும் வசதியும் வேணும், நிக்கவனுக்கு வேலை போயிருமோன்னு பயமும் இருக்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணா நடக்குமா, எங்கயாவது நடக்குதா? இந்த ஜூன்ல திரும்ப ஷீட் என் கையிலதான் வரும், அதுக்குத்தான் கேக்கேன்.

---

லேபர் கணக்கு, மார்த்தாண்டம்:

தங்கச்சி, முதல் வேலையா இன்னைக்கே அப்பாவுக்கு போன் போட்டு எந்த ஃபார்ம்லயும் கையெழுத்தோ ஓடிபியோ குடுக்காதீங்கன்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன்னா பிஎஃப்ல பென்ஷன்னு தனியா ஒரு பங்கு இருக்கு, அதுக்கு 10 வருச சர்வீஸ் வேணும். 6 மாசமும் அதுக்கு மேலயும் வந்தா ஒரு வருசமா எடுத்துக்குவாங்க, அதாவது 9 வருசம் 6 மாசம் இருந்தாலே பத்துன்னு கணக்கு. உங்க அப்பாவுக்கு 9 வருசம் 10 மாசம். எல்லா மாசமும் ஒழுங்கா கட்டியிருந்தா 58 வயசுல இருந்து ஆயுசுக்கும் பென்ஷன், அவருக்குப் பிறகு அம்மாவுக்கு. கணக்கு எப்படின்னா சம்பளம் பெருக்கல் வருசம் வகுத்தல் 70. பிஎஃப் பிடிக்கிற சம்பளம் 10,500 ரூபாய்னு வச்சா மாசம் 1,500 வரும். சின்னக் காசுதான், ஆனா அந்த சூப்பர்வைசர் சொல்ற மாதிரி 10சி ஃபார்ம்ல பென்ஷன் பணத்தையும் எடுத்துட்டா அந்த சர்வீஸ் அத்தனையும் அழிஞ்சு போவும், அடுத்த வேலையில ஒண்ணுல இருந்து எண்ணணும். நான் இந்தத் தொழில்ல பாத்த வரைக்கும் செக்யூரிட்டி ஆளுங்களுக்கு பென்ஷன் இல்லாம போறதுக்கு முக்கியக் காரணமே இதுதான். ஏஜென்சி மாறும்போதெல்லாம் "கிளோஸ் பண்ணிக்கோ"ன்னு சொல்லுவாங்க, அவசரத்துக்கு நம்ம ஆளும் எடுத்துருவாரு, 20 வருசம் நின்னவருக்கும் ஏட்டுல 3 வருசம்தான் இருக்கும்.

அதனால யூஏஎன் நம்பர் (பிஎஃப்ல ஒரு ஆளுக்கு உள்ள நிரந்தர நம்பர்) வச்சு பாஸ்புக்க இறக்குங்க. மூணு ஏஜென்சியும் ஒரே யூஏஎன்ல இருக்கா, ஒவ்வொரு மாசமும் ஏறியிருக்கான்னு விரல் வச்சுப் பாருங்க.

அடுத்து நோட்டீஸ். இப்ப உள்ள ஏஜென்சியில 4 வருசம் முழுசா முடியுது. 240 நாள் வேலை பாத்த ஒருத்தர ஆள்குறைப்புன்னு அனுப்பணும்னா ஒரு மாச நோட்டீஸ் இல்லன்னா ஒரு மாசச் சம்பளம், அதோட முடிஞ்ச ஒவ்வொரு வருசத்துக்கும் 15 நாள் சம்பளம் குடுக்கணும். பழைய ஐடி ஆக்ட்ல (தொழில் தகராறு சட்டம்) 25எஃப்னு இருந்தது, இப்ப 2025 நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்த புது லேபர் கோட்லயும் (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) அதே கணக்குதான். ஆக 60 நாள் சம்பளமும் நோட்டீசும் கேக்கலாம். "கான்ட்ராக்ட் முடிஞ்சுட்டு"ன்னு அவங்க சொல்றது ஏஜென்சிக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள கான்ட்ராக்ட். அப்பாவுக்கும் ஏஜென்சிக்கும் இன்ன தேதி வரைன்னு எழுத்துல ஏதாவது இருக்கா? லெட்டரே குடுக்காதவங்க அந்த சாக்கச் சொல்ல முடியாதுன்னு வாதாட இடம் இருக்கு. நாகர்கோவில் லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம், வக்கீல் வேணும்னு இல்ல.

கிராஜுவிட்டிதான் கஷ்டம். பழைய சட்டப்படி ஒரே முதலாளிகிட்ட 5 வருசம். உங்க அப்பாவுக்கு மூணு ஏஜென்சியும் 3, 3, 4 வருசம்னு அஞ்சத் தொடாமலே போயிருக்கு, இது தற்செயல்னு நான் சொல்ல மாட்டேன். புது கோட்ல காலவரை போட்டு எழுத்துல எடுத்த ஆளுக்கு ஒரு வருசம் ஆனாலே அதுக்குத் தக்க கிராஜுவிட்டி உண்டு. அதுனால ஏஜென்சி "நாங்க காலவரைக்குதான் எடுத்தோம்"னு சொன்னா கிராஜுவிட்டி குடுக்கணும், "இல்ல"ன்னு சொன்னா ஆள்குறைப்பு ஈடு குடுக்கணும். ரெண்டும் கிடையாதுன்னு சொல்ல விடாதீங்க.

50 வயசுங்கறது ஏஜென்சியோ கிளையன்டோ வச்ச கோடு. செக்யூரிட்டி ஏஜென்சி சட்டம் 2005ல 18ல இருந்து 65 வயசு வரை நிக்கலாம்னு இருக்கு.

---

ரிட்டயர்ட் ஹவில்தார், தக்கலை:

மக்ளே, நான் 18 வருசம் பட்டாளத்துல இருந்துட்டு வந்து சின்னதா ஒரு ஏஜென்சி நடத்துகேன், 40 பேரு இருக்காவ. மேல எழுதுன தம்பி சொன்னது எல்லாம் சரிதான், நான் மறுக்கல. ஆனா ஏஜென்சிக்காரன் எல்லாரும் ஆளோட வயித்துல அடிக்கவன்னு ஆயிரக் கூடாது, அதுக்காக என் பக்கத்தையும் சொல்லிருகேன்.

ஒரு கேட்டுக்கு 24 மணி நேரமும் ஆளு வேணும்னா வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தர் வாரத்துக்கு 48 மணி நேரம்தான்னு வச்சா மூன்றரை ஆளு வேணும், லீவு சீக்குன்னு பாத்தா நாலு ஆளு. எந்த கிளையன்டும் நாலு ஆளுக்கு காசு தாறது இல்ல. "ரெண்டு ஆளு போடுங்க, 12 மணி நேரம் பாத்துக்குவாங்க"ன்னு சொல்லுவாவ. அந்த 4 மணி நேரத்துக்கு டபுள் சம்பளம்னு நான் கொட்டேஷன்ல எழுதுனா, என் பேப்பரு அடுத்த நிமிசம் ஓரத்துல கிடக்கும். எழுதாதவன் ஜெயிச்சிருவான். ஆக சட்டத்த மதிச்சா சைட்டு இல்ல, சைட்டு இல்லன்னா என்னை நம்பி இருக்க ஆளுக்கும் வேலை இல்ல.

அப்புறம் ஒரே ஒரு போன். "நாளையில இருந்து மூணு பேர குறைச்சுக்கோங்க." அவ்வளவுதான், அக்ரிமென்ட்ல ஒரு மாச நோட்டீஸ்னு இருக்கும், அத எடுத்துக் காட்டுனா அடுத்த வருசம் கான்ட்ராக்ட் கிடையாது. பில்லு குடுத்து 60 நாள் 70 நாள் கழிச்சுதான் காசு வரும், நான் 7ஆம் தேதி சம்பளம் போட வீட்டுப் பத்திரத்த அடகு வச்சு எடுத்த காசுதான் ஓடுது. ஆஸ்பத்திரின்னா சம்பளம் பிஎஃப் ஈஎஸ்ஐ எல்லாம் சேத்த மொத்த பில்லு மேல 18 பெர்சன்ட் ஜிஎஸ்டி வேற, அவங்களுக்கு அது இன்புட்டா திரும்பக் கிடைக்காது, அதையும் ஆளு சம்பளத்துலதான் குறைக்கப் பாப்பாவ. உங்க ஸ்கூல் பிளஸ் டூ வரைதான்னா செக்யூரிட்டிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அந்த மிச்சத்த ஆளுக்குக் குடுக்கச் சொல்லி நீங்க கேக்கலாம்.

எங்கிட்ட என்ன செய்யுகேன்னா, 40ல 28 பேரு நிரந்தரமா என் ஆளு. ஒரு சைட்டு போச்சுன்னா அவரத்தான் முதல்ல அடுத்த சைட்டுல நிறுத்துவேன், பிஎஃப் நம்பர் ஒண்ணுதான், வருசத்துக்கு ஒரு இன்க்ரிமென்ட். மிச்சம் 12 பேரு ரிலீவர் (மாத்து ஆளு), அவங்களுக்கும் பிஎஃப் உண்டு, டூட்டிக்குத் தக்க ஏறும். கார்த்திகை மார்கழியில சபரிமலை சாமிமாரு கன்னியாகுமரிக்கு வாற சமயம், மண்டைக்காட்டு கொடை, சுசீந்திரம் தேர், கல்யாண மண்டபத்துல முகூர்த்த நாளு, இதுக்கெல்லாம் ஆளு வேணும்னு கேப்பாவ, மூணு நாளைக்கு 15 பேருன்னு. அதுக்கு மட்டும் வெளியில இருந்து எடுப்பேன். இந்த 28 பேரக் காப்பாத்துனதால எனக்கு லாபம் குறைஞ்சிருக்கு, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு நான் போகாமலே என் ஆளு முழிச்சிருப்பான்னு தைரியம் இருக்கு. நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாதவன் எப்படி மக்ளே ராத்திரி முழிச்சிருப்பான்?

அப்பாவுக்கு எந்தப் பக்கம் டூட்டி சரிப்படும்னு சொல்லுங்க, தக்கலை சைடு வர முடியுமா?

---

குலசேகரம் பால்வெட்டு:

நான் வேற மாதிரி சொல்லுகேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. எல்லாருக்கும் பெர்மனன்ட் வேணும்னு இல்ல. நான் விடியக்காலம் தலையில லைட்டக் கட்டிட்டு ரப்பர் வெட்டப் போவேன், பால் எடுத்து குடுத்துட்டு பதினொரு மணிக்கு வீடு. மழைன்னா வெட்டு கிடையாது, இலை உதிர்ற சமயமும் கிடையாது. அந்தச் சமயம் மண்டபத்துல, சர்ச் திருவிழாவுல, நகைக்கடை ஓப்பனிங்லன்னு செக்யூரிட்டி டூட்டிக்கு போவேன், ஒரு டூட்டிக்கு இவ்வளவுன்னு அன்னைக்கே காசு. என்னைய மாசம் 26 நாள் வரணும்னு கட்டிப் போட்டா எனக்கு ரப்பர் போச்சு. காலேஜ் படிக்கிற பையன்மாரும் எங்க குரூப்புல இருக்கானுவ, பரீட்சை சமயம் வர மாட்டானுவ, லீவுல தினமும் வருவானுவ.

ஆனா ஒண்ணு. எனக்கு வசதியா இருக்கு, நான் கேட்டு வாங்குனது. இந்த அக்காவோட அப்பா 10 வருசமா ஒரே கேட்டுல தினமும் நின்ன மனுசன். அவர என் கணக்குல சேத்து "ஃபிளெக்சிபிள்"னு சொன்னா அது தப்பு. எங்களுக்கும் ஒரு குறை இருக்கு, போன வருசம் ஒரு மண்டபத்துல பார்க்கிங்ல கார் ரிவர்ஸ் எடுத்து எங்கூட நின்ன பையன் கால்ல ஏறிட்டு. ஈஎஸ்ஐ கிடையாது, ஏஜென்சி "அவன் நம்ம ரோல்ல இல்ல"ன்னு கை விரிச்சிட்டு. நாங்க ஆளுக்கு 500 போட்டுதான் கட்டுப் போட்டோம். ஒரு நாள் டூட்டின்னாலும் அந்த ஒரு நாளைக்கு இன்சூரன்ஸ் வேணும்.

---

நைட் டூட்டி, கன்னியாகுமரி:

தம்பி சரியா சொன்ன. வேணும்னு எடுக்கவனுக்கும் வேற வழி இல்லாம மாட்டுனவனுக்கும் ஒரே பேரு வச்சிட்டாவ.

நான் இங்க ஒரு லாட்ஜ்ல 6 வருசமா நைட் பாக்கேன், ராத்திரி எட்டுக்கு ஏறுனா காலை எட்டு. என் டூட்டி எப்படி வரும்னா சாயங்காலம் 5 மணிக்கு மேல வாட்சப் குரூப்புல லிஸ்ட் வரும். பேரு இருந்தா போவணும், இல்லன்னா அன்னைக்கு சம்பளம் இல்ல. சீசன்ல மாசம் 30 டூட்டியும் நம்ம தலையில, ஆள் இல்லன்னு சொல்லி காலையில ரிலீவர் வராம 24 மணி நேரம் நின்னதும் உண்டு. ஜூன்ல கூட்டம் இல்ல, 14 டூட்டிதான் வரும். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுறது ஜூன்ல. அவங்களுக்கு எப்ப வேணும்னாலும் மாத்தலாம், நான் ஒரு நாள் மகளுக்கு சடங்குன்னு லீவு கேட்டா "ஆளு மாத்திருவேன்"னு பதில் வரும். வளைஞ்சு குடுக்கறது ஒரு பக்கம் மட்டும்னா அதுக்கு ஃபிளெக்சிபிலிட்டின்னு பேரு வைக்கக் கூடாது.

நான் கேக்கது பெரிசா ஒண்ணும் இல்ல. மாசம் குறைஞ்சது 20 டூட்டி உறுதின்னு எழுதித் தரட்டும், லிஸ்ட்ட ஒரு வாரம் முன்ன போடட்டும், கடைசி நேரத்துல வேண்டாம்னா அரை நாள் சம்பளம் தரட்டும். மிச்சத்த எப்படி வேணா மாத்திக்கட்டும், நான் ஓடி வாறேன். இந்த மூணையும் யாராவது டெண்டர்ல எழுதுனா போதும்.

அக்கா, உங்க அப்பா வேலைய விட்டுட்டு வெளிய வரும்போது அட்டன்டன்ஸ் ரிஜிஸ்டர், கேட் ரிஜிஸ்டர் பக்கத்துல அவரு கையெழுத்து இருந்தா போன்ல போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க. பின்னால "இவரு யாருன்னே தெரியாது"ன்னு சொல்லுவாவ, எங்க சைட்டுல ஒருத்தருக்கு நடந்துச்சு.

---

பழைய மும்பைக்காரன், கருங்கல்:

எங்கயாவது நடக்குதான்னு தங்கச்சி கேட்டுது பாத்தீங்களா, அதுக்கு நான் பதில் சொல்லுகேன். நான் நவி மும்பையில 14 வருசம் கார்டா இருந்தேன். மகாராஷ்டிராவுல 1981லயே செக்யூரிட்டி கார்டுக்குன்னு தனிச் சட்டம் போட்டு போர்டு வச்சிருக்காங்க. அங்க பதிவு பண்ணுன கார்டு போர்டோட ஆளு. கம்பெனிக்கு 6 பேரு வேணும்னா போர்டுகிட்ட கேக்கணும், போர்டு ஆள அனுப்பும். கம்பெனி சம்பளத்தையும் அதுக்கு மேல லெவின்னு ஒரு கூடுதல் தொகையையும் போர்டுல கட்டணும், அதுல இருந்துதான் பிஎஃப், கிராஜுவிட்டி, லீவு சம்பளம், போனஸ் எல்லாம் நமக்கு வரும். கம்பெனி வேண்டாம்னு சொன்னா நான் திரும்ப போர்டுக்கு வருவேன், அடுத்த கம்பெனிக்கு அனுப்புவாங்க. நான் 14 வருசத்துல 5 கம்பெனி கேட்டுல நின்னேன், என் சர்வீஸ் 14 வருசம்னு ஒரே கணக்குல நின்னுச்சு. நாட்டுக்கு வரும்போது கிராஜுவிட்டி வாங்கிட்டுத்தான் வந்தேன், கருங்கல்ல உள்ள வீட்டுக்கு கான்கிரீட் போட்டது அந்தக் காசுதான்.

பாத்தீங்கன்னா கம்பெனிக்கு ஆளக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருந்துச்சு, எனக்கு சர்வீஸ் அறுந்து போவல. கேட்டு மாறலாம், ஆளோட கணக்கு மாறக் கூடாது, அவ்வளவுதான் விசயம்.

அங்கயும் எல்லாம் சரின்னு சொல்ல மாட்டேன். ஒரு தடவ கம்பெனி பூட்டுனப்போ அடுத்த அலாட்மென்டுக்கு ரெண்டு மாசம் காத்துக் கிடந்தேன், அந்த ரெண்டு மாசமும் கையில காசு இல்ல. அந்தச் சட்டத்துல இருந்து விலக்கு வாங்குன தனியார் ஏஜென்சிகளும் நிறைய உண்டு, அங்க உள்ள ஆளுங்க நம்ம ஊரு மாதிரிதான் கஷ்டப்பட்டாங்க.

நம்ம தமிழ்நாட்டுல டெக்ஸ்கோ இருக்கு, 1986ல ஆரம்பிச்சது, எக்ஸ் சர்வீஸ்மேன்மார அரசு நிறுவனங்களுக்கு செக்யூரிட்டிக்கு அனுப்புது. நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு வீடு பட்டாளக்காரன், அவங்களுக்கு அது உதவி. அண்டி ஆபீஸ்ல இருந்து வந்த மனுசனுக்கு அப்படி ஒரு இடம் இல்ல. அந்த இடம்தான் வேணும். புது கோட்ல பாத்தா வாட்ச் அண்ட் வார்டு, செக்யூரிட்டி எல்லாம் நிறுவனத்தோட முக்கிய வேலை இல்லன்னு தனியா ஒதுக்கி வச்சிருக்கு, அதனால இந்த வேலையில கான்ட்ராக்ட் எப்பவும் இருக்கத்தான் போவுது. கான்ட்ராக்ட் லேபர் விதிகளும் முன்ன 20 பேரு இருந்தா பொருந்தும், இப்ப 50ன்னு ஏத்திட்டாங்க. நம்ம ஊருல உள்ள சின்ன ஏஜென்சி பாதி அதுக்குள்ள வராது. அப்ப போர்டு மாதிரி ஒண்ண இன்னும் உரக்கக் கேக்கணும், எம்எல்ஏ வரும்போது மண்டபம் கட்டித் தாங்கன்னு கேக்கோம்லா, அந்த மாதிரி இதையும் கேக்கணும்.

---

பார்வதிபுரம் மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதில் படிச்ச அன்னைக்கே அப்பாவ ஃபார்ம் போட விடாம நிறுத்திட்டேன். சூப்பர்வைசர் ரெண்டு தடவ ஓடிபி கேட்டு போன் பண்ணிட்டாரு, குடுக்கல.

பாஸ்புக்கு எடுத்தாச்சு. முதல் ஏஜென்சி எல்லா மாசமும் ஏறியிருக்கு. ரெண்டாவது ஏஜென்சியில 2020 ஆகஸ்ட்ல இருந்து டிசம்பர் வரை 5 மாசம் காலி. அந்த 5 மாசமும் அப்பா ஒரு நாள் லீவு போடல, கொரோனா வார்டு வாசல்லதான் நின்னாவ, வீட்டுக்கு வந்தா பின் வாசல்ல குளிச்சுட்டுதான் உள்ள வருவாவ. அந்த மாசம் சம்பளத்துல பிஎஃப்னு பிடிச்சதும் தெரியுது, பேங்குல குறைச்சுதான் ஏறியிருக்கு. 118 மாசத்துல 5 போனா 113, அதாவது 9 வருசம் 5 மாசம். ஒரே ஒரு மாசம் குறையுது. நான் கணக்கு பாத்துட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்துட்டேன்.

ஹவில்தார் அண்ணாச்சிகிட்ட தனியா பேசிட்டோம், ஏப்ரல் 6ல இருந்து தக்கலையில ஒரு குடோன்ல பகல் டூட்டி, அவங்க ரோல்லயே. பஸ்சு செலவு இருக்கு, ஆனாலும் அப்பாவுக்கு சந்தோசம், லெட்டர் தருவீங்களான்னு அப்பாவே கேட்டாவளாம்.

ஸ்கூல் விசயம். பிரின்சிபால் மேடத்துகிட்ட ஜூன் கொட்டேஷனுக்கு ஒரு பேப்பர் எழுதிக் குடுத்துருக்கேன். மொத்தமா லம்ப்சம் ரேட்டு வாங்காம சம்பளம், பிஎஃப், ஈஎஸ்ஐ, ரிலீவர், சர்வீஸ் சார்ஜ்னு தனித்தனியா வாங்கணும், சர்வீஸ் சார்ஜ்ல மட்டும்தான் போட்டி. போன மாச பிஎஃப் சலானும் ஆளு பேரு போட்ட ஈசிஆரும் (மாசாமாசம் பிஎஃப்ல ஏத்துற லிஸ்ட்) இல்லாம பில்லு பாஸ் ஆவக் கூடாது. ஏஜென்சி மாறுனாலும் இப்ப நிக்கவங்களுக்கு முதல் உரிமை. லீவு மாசத்துல குறையிற ஆளுங்கள அந்த ஏஜென்சி வேற சைட்டுல போட்டுக்குவோம்னு முன்னமே எழுதித் தரணும். நைட் டூட்டி அண்ணன் சொன்ன ஒரு வார லிஸ்ட்டும் அரை நாள் சம்பளமும் சேத்துருக்கேன். மேடம் முழுசா ஒத்துக்கல, முதல் ரெண்டும் சரின்னுட்டாவ, பழைய ஆளுக்கு முதல் உரிமைங்கறத கமிட்டியில வைக்கணும்னு சொன்னாவ. வைப்பேன்.

லேபர் கணக்கு அண்ணனுக்கு ஒரு கேள்வி: அந்த 5 மாசத்த எப்படி வாங்குறது, அந்த ஏஜென்சி இப்ப ஆபீசே காலி பண்ணிட்டு போயாச்சு. பழைய ரெண்டு கணக்கையும் டிரான்ஸ்பர் போடப் போனா ரெண்டாவதுல போடவே விடமாட்டேங்குது.

---

லேபர் கணக்கு, மார்த்தாண்டம்:

தங்கச்சி, அந்த ஒரு மாசத்துக்கு பயப்படாதீங்க, தக்கலை டூட்டியில முதல் மாசம் பிஎஃப் ஏறுனாலே 114 ஆயிரும், பென்ஷனுக்கு அது போதும். ஆனா அந்த 5 மாசத்த விடாதீங்க, அது பிடிச்ச காசு. ஏஜென்சி கட்டலன்னா பிரின்சிபல் எம்ப்ளாயர் கட்டணும்னு பிஎஃப் ஸ்கீம்லயே இருக்கு, அதாவது ஆஸ்பத்திரி. பிஎஃப் கிரீவன்ஸ் போர்ட்டல்ல (புகார் வெப்சைட்) ஏஜென்சி, ஆஸ்பத்திரி ரெண்டு பேரையும் போட்டு எழுதுங்க, அந்த 5 மாசத்து பேங்க் பக்கமும், அந்தச் சமயம் அப்பா நின்ன டூட்டி ரிஜிஸ்டர் போட்டோ கிடைச்சா அதையும் சேருங்க. நாகர்கோவில் பிஎஃப் ஆபீஸ்லயும் ஒரு காப்பி கையில குடுத்து சீல் வாங்கிக்கோங்க.

டிரான்ஸ்பர் நிக்கதுக்குக் காரணம் ரெண்டாவது ஏஜென்சி எக்ஸிட் தேதி போடாம விட்டிருப்பாங்க. யூஏஎன் லாகின்ல மேனேஜ்ல மார்க் எக்ஸிட்னு இருக்கும், கடைசியா காசு ஏறி ரெண்டு மாசம் ஆயிட்டா அப்பாவே போட்டுக்கலாம், ஆதார் ஓடிபி வரும். 2022 மார்ச் 31ன்னு போடுங்க. தப்பா போட்டா மாத்துறது பெரும்பாடு, அதனால போடுறதுக்கு முன்ன அந்த மாசப் பாஸ்புக்கு பக்கத்த ஒரு தடவ பாத்துட்டு போடுங்க.